கட்டாருக்குப் போகாத அண்ணை

"ஓடு நேசன்! பின்வேலியாலை ஓடு!"

அம்மா கத்துகிறார். சித்திரை மாதம். வியாழக்கிழமை. பகல் பதினொன்றே கால். எங்கள் சுவர் மணிக்கூடு ஐந்து நிமிடம் பிந்தி ஓடும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசல் படலைச் சத்தம் கேட்கவில்லை. முதலில் கேட்டது வான் வண்டியின் கதவு. இழுத்துத் திறக்கும் கதவு. இரும்பில் இரும்பு உரசுகிறது. பிறகு காலடிகள். நாலு பேர். நான் அடுப்படியில் நிற்கிறேன். கையில் அகப்பை. அண்ணை என்னைத் தாண்டி ஓடுகிறார். மேலில் சட்டை இல்லை. காலில் செருப்பு இல்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் புகையிலைத் தோட்டம். சண்டிலிப்பாயில் அந்த மாதத்தில் எல்லாத் தோட்டமும் ஒரே கோலம்தான். பயிர் வெட்டி முடிந்துவிட்டது. அடிக்கட்டைகள் மட்டும் நிற்கின்றன. வெறுங்காலோடு அதற்குள் ஒருவரும் ஓடுவதில்லை. அண்ணை ஓடுகிறார். இரண்டு கிழமைக்கு முன்னர் என்றால் நெஞ்சளவுக்கு இலை நின்றிருக்கும். குனிந்தால் ஆளைத் தெரியாது. இப்போது மறைய ஒரு இலை இல்லை.

கிளுவை வேலிக்கு அங்கால் அவர்களில் ஒருவன் ஏற்கெனவே நிற்கிறான்.

"நில்லடா! சுடுவன்!"

நல்ல தமிழ். பிசகில்லாத யாழ்ப்பாணத் தமிழ். அண்ணை நின்றார். இருமினார். மூன்று தரம். புகையிலை உணத்தும் புகைக்குடிலில் மாதக்கணக்காக ஒளிந்திருந்தவரின் இருமல் அது. கன்னத்தில் ஒரு அடி விழுந்த சத்தம். இருமல் நின்றது. ஐயா குடிலுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டுப் புகை மூட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவரை ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ஐயா மண்ணில் சரிந்து விழுந்தார். மறுபடியும் அந்தக் கதவு. பதினொன்று இருபத்திரண்டு.

ஏழு நிமிடம். ஒரு சேவலைப் பிடிக்க ஐயாவுக்கு அதைவிட நேரம் எடுக்கும்.

யார் அவர்கள் என்று கேட்பீர்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். வானுக்கு இலக்கத்தகடு இல்லை. நாலு பேர், கையில் துவக்கு, எதிரே சட்டை போடாத ஒருவர். அதற்கும் முகத்தை மூட வேண்டியிருந்தது அந்த வீரர்களுக்கு. ஒருவனுக்குத் துணி நழுவியது. வாய் நிறைய வெற்றிலை. எங்கள் முற்றத்தில் துப்பிவிட்டுப் போனான். ஒரு தாயின் பிள்ளையைப் பிடிக்க வரும்போதும் வெற்றிலை போட மறக்கவில்லை. அந்தச் சிவப்பை அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. மழை வரும் வரைக்கும் கிடந்தது.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறேன். மற்றவர்களின் பிழையைச் சொல்ல என்னிடம் நிறைய உண்டு. எங்களுடையதை மறைத்துவிட்டு அதைச் சொன்னால் நானும் அவர்களைப் போலவே ஆகிவிடுவேன்.

அது போரில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடியிருந்த காலம். குடாநாட்டில் இளந்தாரிகளை ஒவ்வொருவராகக் கொண்டுபோனார்கள். அண்ணைக்கு இருபத்து மூன்று வயது. அவரோடு ரியூசனில் படித்தவர் ஒரு நாள் சைக்கிளில் போனார். சைக்கிள் மட்டும் மதகடியில் கிடந்தது. அன்று பின்னேரம் ஐயா எங்களைக் கூப்பிட்டு இருத்தினார்.

"இண்டையிலை இருந்து நேசன் இஞ்சை இல்லை. நேசன் வெளியிலை போட்டான். பாதை பூட்ட முதலே போட்டான். விளங்கிச்சோ?"

யாழ்ப்பாணத்தில் அதைவிட இலகுவாக நம்பவைக்கக்கூடிய பொய் கிடையாது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். எந்த நாடு என்பதில்தான் யோசனை. கனடா என்றால் ஊர் பொறாமையில் துருவும். ஆர் கூப்பிட்டது, எந்த ஏஜென்சி, எப்போது பெண் பார்க்கிறீர்கள் என்று கேள்வி வரும். கட்டார் என்றால் 'பாவம்' என்று விட்டுவிடும். ஆகவே கட்டார்.

வீட்டிலுள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அப்போது எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும். முத்திரை குத்திய தாள். சுற்றிவளைப்பு என்றால் அதைப் பார்த்துத்தான் தலை எண்ணுவார்கள். அதிலிருந்து அண்ணையை வெட்ட வேண்டும். ஊர் அலுவலரான விதானையாருக்குக் கடிதம் எழுத வேண்டும். தங்கை எனக்குப் பதினெட்டு வயது. உயர்தரம் படிக்கிறேன். வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது. எழுதினேன். 'எனது தமையனார் தொழில் நிமித்தம் கட்டார் நாட்டுக்குச் சென்று அங்கு வசித்து வருகிறார்.' ஐயா ஒப்பமிட்டார். விதானையார் சிவப்பு மையால் அண்ணையின் பெயரை வெட்டினார். அடிமட்டம் வைத்து, நேராக.

அந்த ஒரு வரியை அழிக்கத்தான் நான் பதினெட்டு வருடமாக அலைகிறேன். அதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பெயரை வெட்டினால் போதாது என்று ஐயா நினைத்தார். கட்டாரில் இருப்பவன் கடிதம் போடுவான்தானே. என் சிநேகிதியின் தமையன் உண்மையாகவே கட்டாரில் இருந்தார். முத்திரை சேர்க்கிறேன் என்று அவளிடம் வாங்கி வந்தேன். எங்கள் உறைகளில் ஒட்டினேன். அண்ணை குடிலுக்குள் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவருக்கு அது பெரிய பகிடி.

"எழுது. 'அம்மா, இஞ்சை சரியான வெய்யில். சோறு நீட்டு நீட்டா வெள்ளையாக் கிடக்கு. ஒரு கல்லுமில்லை. அதாலை ருசியுமில்லை.'"

"உது கூடிப்போச்சு அண்ணை."

"நீ எழுது. 'ஒட்டகம் ஒண்டு என்னைப் பாத்தது. எங்கடை சித்தப்பான்ரை முகம்.'"

இப்படி ஐந்து கடிதம். கையெழுத்து என்னுடையது. கதை முழுக்க அண்ணையுடையது. ஒரு நாள் சுற்றிவளைப்பில் வந்த சீருடைக்காரன் ஒருவன் மேசையில் கிடந்த உறையை எடுத்தான். முத்திரையைப் பார்த்தான். திரும்ப வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஐயாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்குப் பிறகு காணவில்லை. பொய் வேலை செய்கிறது என்று நம்பினோம். முன்வீட்டுப் பரிமளம் மாமிக்கு அம்மா கடிதங்களை வாசித்தும் காட்டினார். ஒட்டகக் கதைக்கு மாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

யாரோ சிரிக்கவில்லை. யாரோ இருமலைக் கேட்டிருக்கிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நினைப்பைச் சாட்சியத்தில் எழுதக்கூடாது. விடுகிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கே திரும்புகிறேன். பின்னேரம் இரண்டு பத்து. முறைப்பாடு எடுக்கும் மேசைக்கு முன்னால் அம்மாவும் ஐயாவும் நானும் நிற்கிறோம். ஐயாவின் வேட்டியில் இன்னும் மண். மேசைக்காரர் எங்கள் பட்டியலை வாங்கினார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு விதானையாருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்றும் எங்கிருந்தோ வந்தது. வேறு எந்தக் கடதாசியும் இந்த நாட்டில் அவ்வளவு வேகமாக வந்து நான் கண்டதில்லை.

"உம்மடை கையெழுத்தோ?"

"ஓம்."

"அப்ப கட்டாரிலை இருக்கிறவரை ஆர் சண்டிலிப்பாயிலை வைச்சுக் கடத்தினது?"

சிரித்தார். பக்கத்து மேசைக்குச் சொல்லி அங்கேயும் சிரிக்கவைத்தார். நாங்கள் நின்றோம்.

சாட்சி கொண்டு வாருங்கள் என்றார்கள். பரிமளம் மாமி வேலிக்கு மேலால் பார்த்ததை நான் கண்டேன். கண் இரண்டும் கிடுகு வேலிக்கு மேல் தெரிந்தன. போய்க் கேட்டேன்.

"நான் என்னத்தைக் கண்டன் பிள்ளை? நேசன் கட்டாரிலை எண்டெல்லோ கொம்மா கடிதம் வாசிச்சவ."

அவருக்கும் மகன் இருந்தான். பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வசனத்தைச் சொல்லும்போது மாமியின் முகத்தில் பயம் மட்டும் இருக்கவில்லை. ஏமாற்றப்பட்ட கோபமும் இருந்தது. ஒட்டகத்துக்குச் சிரித்த சிரிப்பு வீணாகிவிட்டது என்ற கோபம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு விசாரணை ஆணைக்குழுக்கள். பெயர்களை எழுத மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் நீளமான பெயர். ஒன்று கலைய அடுத்தது வரும். மேசைவிரிப்பு மட்டும் மாறும். அம்மா பதினொரு இடத்தில் சாட்சி சொன்னார். பதினொரு தரமும் 'ஓடு நேசன்' என்று கத்தியதில் தொடங்கி, கதவு அடிபட்டதில் முடித்தார். ஒரு சொல் மாறவில்லை. நான் பக்கத்தில் இருந்து கேட்டவள். ஓரிடத்தில் அம்மா பதினைந்து நிமிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். இன்னோரிடத்தில் ஒரு பெரியவர் தூங்கினார். குறட்டை இல்லை. அந்த மரியாதையாவது இருந்தது. வேறொருவர், "வீட்டிலை ஏதும் சண்டையோ? பொம்பிளைப்பிள்ளைப் பிரச்சினையோ?" என்று கேட்டார். கறுப்பு வானில் வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அழுதே விட்டார். அவருக்கு நாங்கள்தான் தண்ணீர் கொடுத்தோம்.

எல்லா இடத்திலும் கடைசியில் அந்தப் பிரதி வெளியே வரும். என் கையெழுத்து. கட்டார். உயிருக்குப் பயந்து எழுதியது என்று நான் சொல்வேன். தலையாட்டுவார்கள். 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதுவார்கள்.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. தேர்தல் வந்தால் அம்மாவின் கையைப் பிடிக்க வேட்டிகள் வரும். பின்னால் கமராக்காரன் வருவான். படம் சரிவராவிட்டால் கையை இன்னொரு தரம் பிடிப்பார்கள். வென்றவர் வீதியில் கண்டால் கண்ணாடியை ஏற்றுவார். தோற்றவர் அடுத்த தேர்தலுக்கு வருவார். சாத்திரி ஒருவரிடமும் போனோம். கண்ணை மூடி, வெற்றிலையில் மை தடவி, நெடுநேரம் பார்த்தார். "ஆள் இருக்கிறார். தண்ணி சூழ்ந்த இடத்திலை இருக்கிறார்" என்றார். இந்த நாடு முழுவதும் தண்ணீர் சூழ்ந்த இடம்தானே ஐயா என்றேன். கோபித்துக்கொண்டார். அம்மா என்னைக் கிள்ளினார்.

ஐயா அடுத்த போகம் புகையிலை வைக்கவில்லை. குடிலின் கூரையைத் தன் கையாலேயே பிரித்தார். மண்சுவரை மழை கரைத்தது. பொய் தன்னுடைய யோசனை என்பதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாம் வருடம், ஒரு காலையில், கிணற்றடியில் விழுந்தார். வாளி உள்ளே போன சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனபோது மூச்சு இல்லை. கொள்ளி வைக்க மகன் இல்லை. சித்தப்பாவின் மகன் வைத்தான்.

பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுக்கப் போனேன். எங்கள் ஊர் அறிவித்தல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயரை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாட்டைப் போடுவோம். கனடா, இலண்டன், சுவிஸ். சாவிலும் அந்தப் பவிசு விடாது. விளம்பரம் எடுக்கும் பெடியன் பேனையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"சிவநேசன். அடைப்புக்குறிக்குள்ளை எந்த நாடு அக்கா?"

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா சவத்துக்குப் பக்கத்தில் இருந்து பதில் சொன்னார். "பேரைப் போடு. குறியையும் போடு. உள்ளுக்கு ஒண்டும் வேண்டாம்."

அப்படியே வந்தது. சிவநேசன் ( ). அச்சுப்பிழை என்று நாலு பேர் எனக்குச் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், அச்சுப்பிழை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

காணாமல் போனவர்களுக்கென்று யாழ்ப்பாணத்தில் புதிய அலுவலகம் ஒன்று. குளிரூட்டி வேலை செய்கிறது. கதிரைகளில் இன்னும் பொலித்தீன் கழற்றவில்லை. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எழுபத்தாறு. மூட்டு வருத்தம். தலை தெளிவு. அதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். தலை நல்ல தெளிவு. நான் இந்த முறை கெட்டித்தனமாகப் போயிருந்தேன். சத்தியக்கடதாசி முடித்திருந்தேன். கட்டார் என்பது பயத்தில் எழுதிய பொய் என்று, எழுதிய நானே, சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்டது. அம்மா பன்னிரண்டாவது தரம் சொல்ல வேண்டும். அண்ணையின் முறைப்பாட்டுக் கோவை மூடப்படாமல் திறந்தபடி இருக்கும். அதுதான் நான் கேட்டதெல்லாம்.

அலுவலர் இளம்பிள்ளை. பண்பாகக் கதைத்தார். அதுதான் இன்னும் மோசம்.

"அம்மா, இப்ப ரெண்டு விதமாச் செய்யலாம். காணாமல் போனவர் எண்டு ஒரு சான்றிதழ் தரலாம். இல்லாட்டி மரணச் சான்றிதழ். எது வேணும்?"

அம்மா அவரைப் பார்த்தார்.

"உயிரோடை எண்டு ஒண்டு தருவியளோ தம்பி?"

"அப்பிடி ஒண்டு இல்லையம்மா."

"தேடித் தருவியளோ?"

"அது எங்கடை பகுதி இல்லை அம்மா."

பிறகு அவர் திரையைப் பார்த்து, வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார். மகன் கடைசியாக எங்கே இருந்தார்? பதினொரு தரம் கேட்ட கேள்வி. நான் அம்மாவின் வாயைப் பார்க்கக்கூட இல்லை. சத்தியக்கடதாசியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டாரிலை."

"என்னம்மா?"

"கட்டாரிலை இருக்கிறான். கடிதம் போடுறவன்."

"எழுதாதேங்கோ!" நான் கத்தினேன். "எழுதாதேங்கோ!"

விரல்கள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தன. பதினெட்டு வருடத்தில் என் அம்மா சொன்னதை ஒரு அலுவலர் உடனே, சொன்னபடியே எழுதியது அன்றுதான். பழைய பிரதியும் கோவையில் இருந்தது. பொருந்தியது. அவருடைய முகம் தெளிந்தது. ஒரு கோவை குறைந்தால் அவர்களுக்கும் ஒரு நிம்மதி. வெளிநாட்டில் இருப்பவர் தங்கள் பட்டியலில் வரமாட்டார் என்று பண்பாக விளங்கப்படுத்தினார். அம்மா முத்திரை குத்திய பிரதி ஒன்று கேட்டு வாங்கினார். பெயர்: சிவநேசன். தற்போதைய வதிவிடம்: கட்டார். இரண்டாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

ஓட்டோ மானிப்பாய் தாண்டியது. பிறகு கதைத்தேன். நல்லாகக் கதைக்கவில்லை.

"எத்தினை வருசம் அம்மா? அந்த ஒரு சொல்லை அழிக்க நான் எத்தினை வாசல் ஏறினனான்? நீங்களே போய்க் குடுத்திட்டு வாறியள். விசரோ உங்களுக்கு?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"விசரில்லை. உண்மையைப் பதினொரு தரம் சொன்னனான். ஒருத்தன் எழுதினவனே? பொய்யை ஒரு தரம் சொன்னன். டக்கெண்டு எழுதி, சீலும் குத்தித் தந்திட்டான். உவங்கள் அவ்வளவுதான். உவங்களுக்கு இனி என்ரை பிள்ளையின்ரை கதையைச் சொல்ல மாட்டன். அதுக்கு உவங்கள் தகுதியில்லை."

"கோவையை மூடிப்போட்டாங்கள் அம்மா."

"திறந்து வைச்சு என்ன செய்தவங்கள்?"

சங்குவேலி வயல்கள் போயின. அம்மா கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாத் தாளிலையும் அவன் இல்லை, இல்லை எண்டுதான் கிடக்கு. இதிலை மட்டும் இருக்கிறான். சீலோடை இருக்கிறான். பாத்தியே? நான் போனால் அறிவித்தலிலை அந்தக் குறிக்குள்ளை கட்டார் எண்டு போடு. உன்ரை ஐயாவின்ரை அறிவித்தலிலை சும்மா விட்டது என்ரை பிழை."

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்தது என்று எழுதலாம். அது முழு உண்மை இல்லை. பதினெட்டு வருடமாக நான் கோவையைத் திறந்து வைக்கப் பாடுபட்டேன். அம்மா பிள்ளை வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். அன்று மட்டும் நான் அம்மாவோடு அதற்கு மேல் சண்டை பிடிக்கவில்லை.

அடுத்த நாள் தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். சத்தியக்கடதாசியை நீட்டினேன். முறைப்பாட்டாளர் தாயார், அவர் வந்து மாற்றினால்தான் முடியும் என்றார்கள். அம்மா வரமாட்டார். அது அவர்களுக்கும் தெரியும் போலிருந்தது. கதிரையில் பொலித்தீன் இன்னும் இருந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன். சத்தியக்கடதாசி அல்ல. முத்திரை இல்லை. நான் இப்போது பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பில் கடிதம் எழுதப் படிப்பிக்கிறேன். அதே கையெழுத்துத்தான். இந்தத் தரம் எழுதுவது உண்மை.

எண்ணிக்கை சொல்லி முடிக்க வேண்டும்.

ஐயா, ஒருவர். கிணற்றடியில். புகைக்குடில் ஒன்று, இப்போது அந்த இடத்தில் மண்மேடுகூட இல்லை. எட்டுப் பரப்புப் புகையிலைத் தோட்டம், தரிசு. முன்வீட்டு உறவு ஒன்று. பரிமளம் மாமியும் போய்விட்டார். செத்தவீட்டுக்கு அம்மா போனார், நான் போகவில்லை. வாசல்கள் பன்னிரண்டு. ஒரு வரி, என் கையெழுத்தில்.

அண்ணையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் தொலையவில்லை. கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள், பென்சன் எடுக்கிறார்கள், பேரப்பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். அவர்கள் கணக்குச் சொல்லட்டும். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லட்டும்.

மிஞ்சியது கடிதங்கள் ஐந்து. அம்மாவின் அலுமாரியில், அந்த முத்திரை குத்திய பிரதியோடு. பின்னேரங்களில் வாசிக்கச் சொல்வார். வாசிக்கிறேன். ஒட்டகத்தில் சிரிப்பார். ஐந்தாவதை மார்கழியில் எழுதினோம். குடிலுக்குள் குளிர். அண்ணை சாக்கைப் போர்த்திக்கொண்டு சொன்னார், நான் எழுதினேன். கடைசி வரி: 'யோசிக்காதேங்கோ அம்மா. தைப்பொங்கலுக்கு வாறன்.'

எந்த வருடம் என்று அண்ணை சொல்லவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை.